128 பேர், 3 துப்பாக்கி

வியட்நாமில் மீ சோன் என்று ஓர் இடம் இருக்கிறது. சோன் மீ என்று இன்னோர் இடமும் இருக்கிறது. முதலாவது, சம்பா நாட்டு ராஜாக்கள் கட்டிய சிவன் கோயில்கள். டா நாங் போகிற நம் ஊர்ச் சுற்றுலாக் கூட்டம் தவறாமல் போய் ஆவுடையார் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற இடம். இரண்டாவது, 1968-ல் அமெரிக்க ராணுவம் சனங்களைச் சுட்டுக் கொன்ற ஊர், நம் பத்திரிகைகள் மை லாய் என்று எழுதிய ஊர். ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் "சோன் மீ" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே "மீ சோன்" என்று எழுதிக்கொண்டாள். இல்லையம்மா, சோன் மீ என்றேன். மறுபடியும் மீ சோன் என்று சொல்லி இரண்டு கையையும் கூப்பிக் காட்டினாள். என் நெற்றி விபூதியைப் பார்த்தே முடிவு பண்ணிவிட்டாள். கடைசியில் மகன் கைபேசியில் வரைபடத்தை விரித்து, விரலை வைத்துக் காட்டினான். அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. "தூரம்" என்று மட்டும் சொன்னாள்.

தூரம்தான். நாங்கள் தங்கியிருந்த ஹோய் ஆனிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். மகனுக்கு இஷ்டமில்லை. "அஞ்சு நாள்தாம்பா லீவு. அதுல ஒரு நாள் இதுக்கா?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பணம் அவன் பணம். மருமகள்தான், "மாமா இந்த ஒண்ணைத்தான் கேட்டிருக்காங்க, போயிட்டு வந்துடலாமே" என்று முடித்து வைத்தாள். மனைவிக்கு முழங்கால் வலி. "பொணம் விழுந்த எடத்தைப் பாக்க நான் வரல" என்று ஓட்டலிலேயே இருந்துவிட்டாள். அவளை நான் வற்புறுத்தவில்லை. 2004 டிசம்பரில் அவள் பார்த்தது போதும்.

நான் 31 வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன், நாகப்பட்டினம் பக்கம். சிட்டா, அடங்கல், பிறப்பு இறப்புப் பதிவேடு, வெள்ள நிவாரணப் பட்டியல், வருஷா வருஷம் ஜமாபந்தி என்று பேரேட்டோடேயே காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டும் பேனாவும் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. எத்தனை மணிக்குக் கிளம்பினோம், டீ என்ன விலை, எல்லாம் அதில் ஏறும். பேத்தி அந்த நோட்டுக்கு 'தாத்தா ஆபீஸ்' என்று பேர் வைத்திருக்கிறாள்.

மை லாயை நான் முதலில் பார்த்தது எங்கள் ஊர்ப் படிப்பகத்தில். பதினோரு பன்னிரண்டு வயது இருக்கும். மூங்கில் தட்டி, ஒரு பெஞ்சு, சிவப்பு மையில் எழுதிய பெயர்ப் பலகை. ஏதோ ஒரு பத்திரிகையை நடுவில் பிரித்துப் போட்டுப் பெரியவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுக்கில் தலையை நுழைத்தேன். வயல் நடுவே ஒரு பாதை, பாதை முழுக்க ஆட்கள் படுத்திருந்தார்கள். களத்துமேட்டில் மத்தியானத் தூக்கம் போடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒருவர் என் தலையைப் பிடித்து வெளியே தள்ளினார். எங்கள் வீட்டில் வியட்நாம் என்றால் வேறு அர்த்தம், அம்மாவும் அத்தையும் மல்லுக்கு நின்றால் அப்பா, "வீடா இது, வியட்நாமா?" என்பார். அந்தப் படத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு நான் சிரித்ததாக ஞாபகமில்லை.

வழியெல்லாம் வயல். கதிர் முற்றிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர்க்காரனுக்கு இதில் பார்க்க என்ன இருக்கிறது என்பீர்கள். ஒன்று இருந்தது: வயலுக்கு நடுவிலேயே சமாதி கட்டியிருக்கிறார்கள். நடவு போட்ட நிலத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டடங்களாக, தாத்தா பாட்டி எல்லாரும் பயிருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். உழுகிறவன் சுற்றிக்கொண்டு உழுகிறான். சர்வே எண்ணில் இதை எப்படிக் காட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மாகாணத்தின் பெயர் குவாங் ஙாய். ங என்ற எழுத்தை வாழ்நாளில் இத்தனை முறை நான் எழுதினதே இல்லை.

வாசலில் கூட்டமே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வரிசை, வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், நாங்கள் நாலு பேர். எதிரே கல்லில் செதுக்கிய பெரிய சிலை. ஒருத்தி இறந்த பிள்ளையை ஒரு கையில் ஏந்தி, மறு கையை முஷ்டி மடக்கி உயர்த்தி நிற்கிறாள். அவள் காலடியில் மற்றவர்கள் சரிந்து கிடக்கிறார்கள். அரசாங்கச் சிலை என்றால் முஷ்டி இல்லாமல் இருக்காது. அதைக் குறை சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. ஒட்டியது தரை.

உள்ளே வீடுகளுக்கு இடையில் போகிற பாதையை சிமென்ட்டில் போட்டு, ஈரச் சேறு போலவே நிறம் கொடுத்து, அதில் கால் தடங்களைப் பதித்திருக்கிறார்கள். ராணுவ பூட்ஸ் தடம். பூட்ஸுக்குப் பக்கத்தில் வெறுங்கால். சின்ன வெறுங்கால். குறுக்கே சைக்கிள் சக்கரம் போன கோடு. அந்தக் காலை ஊரை விட்டு ஓடின, ஊருக்குள் வந்த தடங்கள் அப்படியே காய்ந்துபோன மாதிரி. எதையும் மிதிக்காமல் நடக்க இடமில்லை. பேத்தி குனிந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி, ஒரு சின்னத் தடத்துக்குள் தன் காலை வைத்தாள். கொஞ்சம் பெரிசாக இருந்தது அவள் கால். மருமகள் வெடுக்கென்று கையைப் பிடித்து இழுத்தாள். "ஏம்மா? சரியாத்தானே இருக்கு?" என்றது குழந்தை. யாரும் பதில் சொல்லவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொள்ளாமலே கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

வீடுகள் என்றேனே, பெரும்பாலும் அடித்தளம்தான். முழங்கால் உயரச் சுவர், படிக்கட்டு இரண்டு, மேலே ஆகாயம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சின்னக் கல்: யார் வீடு, யார் யார் செத்தார்கள், என்ன வயது. பக்கத்தில் குண்டுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்துகொள்ளத் தோண்டிய பதுங்குகுழி. தென்னை, பாக்கு, வாழை. தென்னையைப் பார்த்தால் எங்கள் கொல்லை மாதிரியே இருந்தது.

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் கறுப்புப் பளிங்குப் பலகை. 504 பெயர். பெயர், வயது, பெயர், வயது.

நான் அதன் முன்னால் நின்றுவிட்டேன். மகன் இரண்டு முறை வந்து கூப்பிட்டான். அவர்கள் எல்லா அறையையும் பார்த்து முடித்த நேரத்தில் நான் பாதிப் பட்டியல்கூடத் தாண்டவில்லை. பட்டியல் என்றால் எனக்குப் படித்தே ஆகவேண்டும். அது தொழில் புத்தி. வியட்நாமிய எழுத்து ரோமன் எழுத்துதான், மேலும் கீழும் புள்ளியும் கொக்கியுமாக. கொஞ்ச நேரம் பார்த்தால் பிடிபட்டுவிடும். பெயரின் நடுவில் 'தி' என்று வந்தால் அநேகமாகப் பெண். 'வான்' என்று வந்தால் ஆண். அப்படிப் பார்த்துக்கொண்டே இறங்கினால் தி, தி, தி, வான், தி, தி. நடுவயது ஆண் அபூர்வம். வயதுக் கட்டத்தில் 1 வருகிறது, 3 வருகிறது, 70 வருகிறது, மறுபடி 1 வருகிறது. ஒரே குடும்பப் பெயர் எட்டு வரி தொடர்ந்து வந்தால் அது ஒரு வீடு. பாட்டி, தாய், பிள்ளைகள் என்று வயதை வைத்தே வீட்டைக் கட்டிவிடலாம்.

வியட்நாமில் பழைய வழக்கப்படி பிறந்த குழந்தைக்கே ஒரு வயது என்று டிரைவர் கைபேசி மொழிபெயர்ப்பில் பிறகு சொன்னான். இங்கே எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று நான் விசாரிக்கப் போகவில்லை. 1 என்றால் 1.

அங்கேயே எழுதி வைத்திருக்கும் கூட்டுத்தொகை இது: 504 பேரில் 182 பெண்கள், அதில் 17 பேர் பிள்ளைத்தாய்ச்சி. 173 குழந்தைகள், அதில் 56 பேர் ஐந்து மாதம் நிரம்பாத கைக்குழந்தைகள். அடியோடு அழிந்துபோன குடும்பம் 24.

இந்த 24-ல்தான் எனக்கு மனசு மாட்டிக்கொண்டது. ஒருவர் செத்தால் வாரிசுச் சான்றிதழ் கேட்டு யாராவது நம்மிடம் வருவார்கள். விண்ணப்பம், அக்கம்பக்கத்து விசாரணை, வாக்குமூலம், பிறகு தாசில்தார் கையெழுத்து. 24 வீட்டில் விண்ணப்பம் கொடுக்கவே ஆள் இல்லை. அப்படியானால் அந்தப் பெயர்களையும் வயதையும் யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் எழுதியிருக்க முடியும். 'அந்த வீட்டில் கடைக்குட்டிக்கு என்ன வயசு?' என்று ஒருவன் கேட்டிருக்க வேண்டும். செத்துப் பிழைத்த இன்னொருத்தி விரல் மடக்கி யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு அது தெரியும். சுனாமி அன்று எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் போனார்கள். என்னை ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். முதல் மூன்று நாள் உடலை எண்ணினோம். நாலாம் நாள் பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து குடும்ப அட்டையை எண்ணினோம். இரண்டு கணக்கும் ஒத்து வரவில்லை, வரவும் வராது. கடல் கொண்டுபோனதைப் பிணக்கணக்கு காட்டாது. விருந்துக்கு வந்த தங்கையை அட்டை காட்டாது. ஒருத்தி வந்து பிள்ளை பேர் எழுதணும் என்றாள். அட்டையில் பேர் இல்லை. பிறந்து பத்து நாள். பேர் என்ன என்றேன். இன்னும் வைக்கல என்றாள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். அவளே, "பொண்ணுன்னு எழுதுங்க சார்" என்றாள்.

அதனால் சோன் மீ கதையில் எல்லாரும் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவார்கள்; நான் கணக்கைப் பற்றிப் பேசுகிறேன்.

அன்று 1968 மார்ச் 16, சனிக்கிழமை. காலை ஏழரை மணி சுமாருக்கு ஹெலிகாப்டர்களில் வந்து இறங்கியது 'சார்லி' என்ற அமெரிக்க ராணுவக் கம்பெனி (சின்னப் படைப்பிரிவு), ஏறக்குறைய 100 பேர். வியட்நாமுக்கு வந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணிவெடியிலும் பொறியிலும் கூட்டாளிகளை இழந்து, எதிரியின் முகத்தையே பார்க்காமல் வெறி ஏறிப்போயிருந்தார்கள். அவர்களுக்கு மேலிடம் சொன்ன துப்பு: ஊரில் எதிரிப் பட்டாளம் ஒன்று பதுங்கியிருக்கிறது, ஏழு மணிக்கெல்லாம் சனங்கள் சந்தைக்குப் போய்விடுவார்கள், மிச்சம் இருப்பவன் எதிரி. ஒரு கிராமத்தில் ஒரு மாதம் குடியிருந்தவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். எந்தச் சந்தை நாளிலும் கிழவியும் கைக்குழந்தையும் வீட்டில்தான் இருப்பார்கள். அந்த நேரத்தில் அடுப்பில் காலைச் சோறு வெந்துகொண்டிருந்தது. பட்டாளம் இல்லை. ஒரு குண்டுகூட எதிர்த்து வரவில்லை. பத்து மணி பதினொரு மணி வரை, வீடு வீடாக, பிறகு கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அதே காலையில், இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருந்த கோ லுய் பகுதியில் இன்னொரு கம்பெனி 90 பேர் வரை கொன்றது. மை லாய் என்ற பெயர் பெரிசாகிவிட்டதால் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அன்றைக்கு ராணுவம் எழுதிய அறிக்கை: எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டனர். கைப்பற்றிய துப்பாக்கி 3.

இந்த இரண்டு எண்ணையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். எங்கள் ஜமாபந்தியில் தணிக்கைக்கு வருகிற ஒரு சாதாரணக் கணக்கர், பத்தாம் வகுப்பு படித்தவர், அடங்கலைப் புரட்டும்போது இப்படி ஒரு வரி வந்தால் அங்கேயே பென்சிலால் வட்டம் போடுவார். 128 ஆள், 3 துப்பாக்கியா? மற்ற 125 பேர் என்ன, கல்லையா வீசினார்கள்? வட்டம் போட ஒருவர் போதும். அந்த வரி கம்பெனியிலிருந்து பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் என்று ஒவ்வொரு மேசையாக ஏறி, சைகோனில் பத்திரிகைகளுக்கு வெற்றிச் செய்தியாக வாசிக்கப்பட்டு, தலைமைத் தளபதியின் பாராட்டோடு திரும்பி வந்தது. வழியில் ஒருவர்கூட வட்டம் போடவில்லை.

அதைவிட என்னைக் குடைந்தது வேறு. உள்ளூர் நிர்வாகம் என்று ஒன்று அங்கேயும் இருந்தது, அதுவும் அமெரிக்கா தூக்கி நிறுத்திய தென் வியட்நாம் அரசாங்கத்தின் நிர்வாகம். கிராமத் தலைவரிடமிருந்து போன தகவலை வைத்து, மாவட்டத் தலைவராக இருந்த ஒரு லெப்டினன்ட் (மாவட்டம் என்றால் நம் தாலுகா அளவுதான்) 1968 ஏப்ரல் 11-ம் தேதி மாகாணத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மை லாய் அடங்கிய து குங் பகுதியில் 400-க்கும் மேல், கோ லுய்யில் 90. ஆக 490. படுகொலை நடந்து நாலு வாரம்கூட ஆகவில்லை. பளிங்கில் இன்று இருக்கிற 504-க்கும் அந்தக் கடிதத்துக்கும் இடைவெளி 14.

யோசித்துப் பாருங்கள். தன் அரசாங்கத்துக்கும் அதன் கூட்டாளிக்கும் எதிராகத் தன் கையெழுத்தில் 490 என்று எழுதுவதற்கு ஒரு கீழ்மட்ட அதிகாரிக்கு என்ன தைரியம் வேண்டும்! கடிதம் மேலே போனது. எதிரிப் பிரச்சாரம் என்று ஓரம் கட்டினார்கள். அதே மாதக் கடைசியில் பிரிகேடின் கர்னல் தானே விசாரித்து ஓர் அறிக்கை கொடுத்தார்: தவறுதலாகச் சிக்கி இறந்த பொதுமக்கள் 20 பேர். 490 கோப்பில் தூங்கியது. 20 அரசாங்கத்தின் உண்மை ஆயிற்று.

கீழே இருக்கிறவன் எழுதின கணக்கை மேலே இருக்கிறவன் 'சரி செய்வது' எனக்குப் புதுசு இல்லை. பயிர்ச் சேதம் 80 சதவீதம் என்று எழுதினால், 30 என்று மாற்றி எழுதிக்கொண்டு வா என்பார்கள். மாற்றி எழுதியிருக்கிறேன். எழுதாமல் திட்டு வாங்கியும் இருக்கிறேன். எது எத்தனை தடவை என்று இந்த நோட்டில் இல்லை.

விஷயம் ஒரு வருஷம் கழித்து வெளியே வந்ததுகூட ஒரு கடிதத்தால்தான். அன்று அந்த ஊரிலேயே இல்லாத ரான் ரைடனவர் என்ற ஒரு சிப்பாய், கூட இருந்தவர்கள் ஆளாளுக்குச் சொன்னதைச் சேர்த்து வைத்து, ஊர் திரும்பியதும் 1969 மார்ச்சில் ஜனாதிபதி தொடங்கி காங்கிரஸ் உறுப்பினர்கள் வரை சுமார் 30 பேருக்கு அனுப்பினார். நவம்பரில் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் எழுதிய செய்தி வந்தது. ராணுவத்தின் பிற்கால விசாரணைக் கணக்கு 347. இப்படி 128, 20, 490, 347, 504 என்று ஒரே காலைக்கு ஐந்து எண் என் நோட்டில் ஏறியிருக்கிறது.

படங்கள் இருக்கும் அறைக்கு வந்தேன். ராணுவப் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லி அன்று கூடப் போயிருந்தார். ராணுவம் கொடுத்த கேமராவில் கறுப்பு வெள்ளை எடுத்தார்; சொந்த கேமராவில் கலர் எடுத்தார். கறுப்பு வெள்ளையை ஒப்படைத்தார். கலரைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். உலகம் பார்த்த கொலைப் படங்கள் அந்தக் கலர்தான். படிப்பகத்தில் நான் பார்த்த பாதை இங்கே சுவர் உயரத்துக்கு இருந்தது. தூக்கம் இல்லை என்று இப்போது தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்தில் இன்னொரு படம். பெண்களும் பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் நிற்கும் வயதானவள் முகம் அழுகையில் கோணியிருக்கிறது. ஒருத்தி அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருக்கிறாள். ஓரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் ஓர் இளம்பெண், குனிந்து தன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். படம் எடுத்த சில நொடியில் எல்லாரையும் சுட்டுவிட்டார்கள். சாகப் போகிற நேரத்தில் அந்தப் பெண் பித்தானைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள், ஏன் போடவேண்டி வந்தது என்பதைப் படமே சொல்லாமல் சொல்லிவிடுகிறது. மருமகள் அந்தப் படத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு பேத்தியை வேறு பக்கம் அழைத்துப் போனாள். மகன் கைபேசியைத் தூக்கினான். பிறகு என்ன நினைத்தானோ, பையில் போட்டுக்கொண்டான்.

வாய்க்கால் கடைசியில் வருகிறது. நம் பாசன வாய்க்கால் அகலம்தான், தாண்டிக் குதித்துவிடலாம். இதில் மட்டும் 170 பேர். நான் போனபோது கரையில் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். அரிவாளை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், மறுபடி வெட்டத் தொடங்கினார்.

பேத்தி கேட்டாள்: "தாத்தா, யாருமே வேணாம்னு சொல்லலையா?"

சொன்னார்கள். சுடமாட்டேன் என்று துப்பாக்கியைத் தாழ்த்தி நின்றவர்கள் சிலர். வானத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் மூன்று பேர். ஹியூ தாம்சன், வயது 24, சின்னக் கண்காணிப்பு ஹெலிகாப்டரின் பைலட். கூட கிளென் ஆண்ட்ரியோட்டா, லாரன்ஸ் கோல்பர்ன். கோல்பர்னுக்கு 18 வயது. கீழே நடப்பதைப் பார்த்துப் பதறிப்போய், பதுங்குகுழியில் ஒளிந்திருந்த சனங்களுக்கும் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்த சிப்பாய்களுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார் தாம்சன். நம்ம ஆட்கள் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று கூட இருந்த இருவரிடமும் சொல்லிவிட்டு வெறுங்கையோடு நடந்து போனார். பத்துப் பேர் அளவில் வெளியே கொண்டுவந்து வேறு ஹெலிகாப்டர்களில் ஏற்றி அனுப்பினார். பிறகு இதோ இந்த வாய்க்காலில் ஏதோ அசைகிறது என்று மறுபடி இறங்கினார்கள். ஆண்ட்ரியோட்டா பிணங்களுக்குள் இடுப்பளவு இறங்கி ஒரு குழந்தையை உயிரோடு எடுத்தார். குவாங் ஙாய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூன்று வாரத்தில் ஆண்ட்ரியோட்டா சண்டையில் இறந்துபோனார்.

இதிலும் ஒரு காகிதம் இருக்கிறது. தாம்சனுக்கு அதே வருஷம் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். எதற்கு என்று பாராட்டுரையில் எழுதியிருந்தது: இருபுறமும் சண்டை மும்முரமாக நடந்தபோது நடுவில் சிக்கிய குழந்தையைக் காப்பாற்றியதற்காக. சண்டையே நடக்கவில்லை. ஒரு பொய்யை மறைக்க ஒரு பதக்கம். தாம்சன் அந்தப் பாராட்டுரையைத் தூக்கி எறிந்துவிட்டார். சரியான வாசகத்தோடு சரியான பதக்கம் கிடைக்க 1998 மார்ச் வரை, 30 வருஷம் ஆயிற்று. நடுவில் அவரைத் துரோகி என்று ஏசினவர்கள் ஏராளம்.

பேத்தியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "மூணு பேர் சொன்னாங்க" என்றேன். "மூணுதானா?" என்றாள்.

தண்டனை விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், அதுவே சுருக்கமானதுதான். குற்றவாளி என்று தீர்ப்பானது ஒரே ஒருவர், லெப்டினன்ட் வில்லியம் கேலி. 1971-ல், 22 பேரைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை. ஜனாதிபதி நிக்சன் அவரைச் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றினார். மூன்றரை வருஷத்தில் வெளியே வந்தார். கம்பெனிக்குத் தலைவராக இருந்த கேப்டன் மெடினா விடுதலை. கேலி 2009-ல் ஒரு கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார், 2024-ல் காலமானார்.

எங்கள் பக்கத்துக்காரன் இந்த இடத்தில் இன்னொன்றை நினைக்காமல் இருக்க முடியாது. அதே 1968, டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட சனம், ஒரே குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அங்கேயும் கல்லில் பெயர் இருக்கிறது. வருஷா வருஷம் செங்கொடியோடு போகிறவர்கள் போகிறார்கள். கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அது போர் இல்லை, இது போர்; இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் அந்த வாய்க்கால் கரையில் நிற்கும்போது என் காலுக்கு அடியில் இருந்தது குவாங் ஙாய் மண் மட்டும் இல்லை. இதற்கு மேல் அதை எழுதத் தெரியவில்லை.

வாசலில் வருகைப் பதிவேடு வைத்திருந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தால் நான் ஒதுங்கிப் போகிற ஆள் இல்லை. எனக்கு முன்னால் அந்த வெள்ளைக்காரக் கிழவர் நின்று வெகு நேரம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்ததும் உட்கார்ந்தேன். அவர் பக்கம் முழுக்க நிரப்பியிருந்தார்; படிக்கவில்லை, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பெயர், ஊர், தேதி தமிழிலேயே எழுதினேன். கீழே கருத்துக்கு இடம் காலியாக இருந்தது. கொஞ்சம் யோசித்து, '490 என்று எழுதியவருக்கு வணக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. பரவாயில்லை, பதிவாகிவிட்டது.

மறுநாள் மீ சோன் போனோம், மனைவியும் வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. சிவப்புச் செங்கல் கோபுரங்கள் மேல் செடி முளைத்திருந்தது. லிங்கம் இல்லாமல் ஆவுடையார் மட்டும் மழையில் நனைந்துகொண்டிருந்தது. மனைவி அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள். பெரிய கோபுரம் இருந்த இடத்தில் செங்கல் குவியல். 1969-ல் அமெரிக்க விமானம் போட்ட குண்டு என்றாள் வழிகாட்டிப் பெண். பக்கத்தில் குண்டு விழுந்த பள்ளம் ஒன்று, புல் மூடி, தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஆதியில் எத்தனை கோயில், குண்டுக்கு முன்னால் எத்தனை, இப்போது மிச்சம் எத்தனை என்று அவள் எண்ணாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

பேத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, ஆபீஸ்ல எழுதல?"

"பேனாவை வண்டியிலயே வச்சுட்டேன்டா" என்றேன்.

பேனா சட்டைப் பையில்தான் இருந்தது.